வழு எண் 35: கணினி சொல்லும் "முடியாது"க்கு எத்தனை அர்த்தம்?



பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன் டீயை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். கணினி படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி எழுதப் பார்த்திருக்கிறோம்.

நாம் கணினியிடம் ஒரு வேலை சொல்கிறோம். "இந்தக் கோப்பைத் திற", "இதை அழி", "அந்தச் சேவையகத்தோடு தொடர்பு எடு" என்று. சில நேரம் அது "முடியாது" என்கிறது. வெறுமனே சொல்வதில்லை, கூடவே ஓர் எண்ணையும் தருகிறது. அந்த எண்தான் வழு எண். ஏன் முடியவில்லை என்பதற்கான காரணத்தை அந்தச் சின்ன எண்ணுக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள்.

இதில் என்ன பெரிய விசயம் என்று கேட்கலாம். 5 என்ற எண்ணை எடுங்கள். விண்டோஸ் 5 என்று சொன்னால் "உனக்கு அனுமதி இல்லை" என்று அர்த்தம். லினக்ஸ் 5 என்று சொன்னால் "வாசிப்பதில், எழுதுவதில் கோளாறு" என்று அர்த்தம். பல வேளைகளில் அது வன்தட்டு சாகப் போகிறது என்பதற்கான முதல் அறிகுறி. ஒரு கடையின் ஐந்து வருடக் கணக்கு அந்த வன்தட்டில் இருக்கிறது என்று வையுங்கள். விண்டோஸில் பழகிய ஒரு தம்பி எழுதிய செய்நிரல், லினக்ஸ் கணினியில் 5 வந்ததும் "அனுமதி இல்லை, நிர்வாகியைக் கேளுங்கள்" என்று திரையில் காட்டுகிறது. முதலாளியும் கடவுச்சொல்லை மாற்றிப் பார்க்கிறார், பயனர் பெயரை மாற்றிப் பார்க்கிறார். அதற்குள் தட்டு முடிந்துவிடுகிறது. காரணம் தெரியாமல் இருப்பதை விட, பிழையான காரணம் தெரிந்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்.

உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் நம் பிள்ளைகள் பைத்தன் எழுதுகிறார்கள். அவர்களில் சிலர் இணையத்தில் எங்கோ பார்த்துவிட்டு "வழு எண் இதுவானால் இதைச் செய்" என்று எண்ணையே நேரடியாக எழுதி வைக்கிறார்கள். அந்தப் பழக்கம் ஏன் கூடாது என்பதற்கு ஒரு 50 வருடச் சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையைத் தொடங்கினார்கள். பின்னர் அது ஓடிய பீடீபீ-11 என்ற கணினியில் ஒரு செய்நிரல் ஒரே நேரத்தில் தொடக்கூடிய நினைவகம் 64 கிலோபைட். இன்று வட்சப்பில் வரும் ஒரு குட்மோர்னிங் படம் அதை விடப் பெரியது. அப்படிப்பட்ட இடத்தில் "நீங்கள் கேட்ட கோப்பு இங்கே காணப்படவில்லை" என்று வசனமாக எழுதி வைக்க யாருக்கு மனம் வரும்? எண்ணாகச் சொல்லிவிட்டார்கள். 1 என்றால் உனக்கு அந்த உரிமை இல்லை. 2 என்றால் அப்படியொரு கோப்பு இல்லை. 12 என்றால் நினைவகம் போதாது. 13 என்றால் அனுமதி மறுப்பு. 28 என்றால் தட்டில் இடமில்லை. 1979இல் வெளியான யுனிக்ஸின் ஏழாவது பதிப்பில் இந்தப் பட்டியல் 34 வரை வந்திருந்தது.

ஒவ்வோர் எண்ணுக்கும் செய்நிரல் எழுதுவோருக்காக ஒரு சுருக்கப் பெயரும் இருந்தது. "எரர்" என்பதன் முதல் எழுத்தான "ஈ" எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும். 2இன் பெயர் ஈ-நோ-என்ட், 13இன் பெயர் ஈ-அக்செஸ், 11இன் பெயர் ஈ-அகெய்ன். எழுத்துகளில்கூட அவ்வளவு சிக்கனம். கோப்பு உருவாக்கும் கட்டளைக்கு "கிரியேட்" என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை வெட்டித்தான் பெயர் வைத்தார்கள். யுனிக்ஸை மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அந்த எழுத்தைத் திரும்பப் போடுவேன் என்று தொம்சன் பகிடியாகச் சொன்னதாக இன்றும் சொல்வார்கள்.

அந்தப் பழைய பட்டியலில் 25ஆம் எண்ணின் கதை சுவாரசியமானது. அதற்கான விளக்கம் "தட்டச்சு இயந்திரம் அல்ல" என்பது. அந்தக் காலத்தில் கணினியோடு பேசுவதற்குத் திரை இல்லை, டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம்தான். டெலிடைப்புக்கு மட்டும் பொருந்தும் ஒரு கட்டளையை வேறொரு சாதனத்துக்குக் கொடுத்தால் 25 வரும். பிரச்சினை எங்கே என்றால், ஒரு செய்நிரல் எழுத்தை வெளியே அனுப்பும் முன், "எதிரே இருப்பது மனிதன் பார்க்கும் முனையமா, அல்லது வெறும் கோப்பா?" என்று உள்ளுக்குள் சத்தமில்லாமல் ஒருமுறை சோதித்துக்கொள்ளும். கோப்பு என்றால் 25 என்ற பதில் வழு எண் வைக்கும் இடத்தில் தங்கிவிடும். சிறிது நேரம் கழித்து வேறு ஏதோ காரணத்தால் வேலை கெடும்போது, செய்நிரல் அந்த இடத்தைப் பார்த்து, பழைய 25ஐ எடுத்துப் போட்டுவிடும். இப்படித்தான் அந்த நாட்களில் மின்னஞ்சல் அனுப்பியவர்களுக்கு, "உங்கள் மடல் போகவில்லை. காரணம்: தட்டச்சு இயந்திரம் அல்ல" என்று மடல் திரும்பி வந்தது. முகவரி பிழையா, சேவையகம் கெட்டதா என்று தேடியவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும். வேலை கெட்ட அந்தக் கணமே எண்ணைப் பார்க்க வேண்டும், பிந்தினால் அது வேறொருவருடைய எண்ணாக இருக்கலாம் என்ற விதி இன்றைக்கும் உண்டு.

இதுவரை ஒரு வீட்டுக் கதை. இனித்தான் பாகப்பிரிவினை.

யுனிக்ஸின் மூலப் பிரதியைப் பல்கலைக்கழகங்களும் கம்பனிகளும் எடுத்துத் தத்தமது விருப்பப்படி வளர்த்தன. 34 வரை எல்லோருக்கும் பொது. 35இலிருந்து அவரவர் இஷ்டம். 1983இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகம் தனது 4.2பீஎஸ்டீ பதிப்பில் இணையத் தொடர்புக்கான வசதிகளைச் சேர்த்தது. வலையமைப்பு வந்தால் புதுப்புதுக் காரணங்களும் வரும் அல்லவா? 35 என்றால் "இப்போது செய்தால் காத்திருக்க நேரும்". 48 என்றால் அந்த முகவரி ஏற்கெனவே பாவனையில். 60 என்றால் நேரம் கடந்துவிட்டது. 61 என்றால் மறுபக்கம் தொடர்பை ஏற்கவில்லை. அதே 1983இல் ஏடீஅன்ட்டீ நிறுவனம் வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ் என்ற யுனிக்ஸிலும் 35 இருந்தது. அங்கே அதன் அர்த்தம் "நீ கேட்ட வகையான செய்தி எதுவும் இல்லை". ஒருவரையொருவர் கேட்காமல் இரண்டு தரப்பும் ஒரே எண்ணை எடுத்துக்கொண்டன.

1991இல் பின்லாந்தில் லினஸ் டொர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய லினக்ஸ், இதில் மூன்றாவது பாதையில் போனது. லினக்ஸில் 35 என்றால் "முட்டுக்கட்டை", பெயர் ஈ-டெட்லொக்.

இந்த முட்டுக்கட்டையை விளக்க நம் ஊர் ஒழுங்கை ஒன்றே போதும். ஒரு ஓட்டோ மட்டும் போகக்கூடிய ஒழுங்கை. இரண்டு பக்கத்தாலும் இரண்டு ஓட்டோ நுழைந்து நடுவில் முட்டி நிற்கின்றன. "நீ பின்னால் எடு, நான் போகிறேன்" என்று இருவரும் சொல்கிறார்கள். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் தீராது, யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அதுதான் ஈ-டெட்லொக். ஈ-அகெய்ன் வேறு. பிரதேச செயலகத்தில் "சேர் கூட்டத்தில் இருக்கிறார், கொஞ்சம் பொறுத்து வாங்க" என்கிறார்களே, அதுதான் அது. திரும்பப் போனால் வேலை நடக்கும்.

பேர்க்லிக்காரர்கள் பின்னாளில் தங்கள் பட்டியலைத் திருத்தியபோது ஈ-அகெய்னை 11இலிருந்து தூக்கி 35இல் வைத்தார்கள். காலியான 11இல் முட்டுக்கட்டையைக் குடியமர்த்தினார்கள். "11இல் முன்பு ஈ-அகெய்ன் இருந்தது" என்ற சின்னக் குறிப்பொன்று அந்தக் கோப்பில் இன்றும் கிடக்கிறது, வீடு மாறிப்போனவர் வாசலில் எழுதி வைத்துவிட்டுப் போன மாதிரி. விளைவு என்ன? லினக்ஸில் 11 என்றால் "பொறுத்து வா", 35 என்றால் "முட்டுக்கட்டை". அப்பிளின் மெக்கிலும் பேர்க்லியின் மற்ற வாரிசுகளிலும் 11 என்றால் "முட்டுக்கட்டை", 35 என்றால் "பொறுத்து வா". அப்படியே தலைகீழ்! எண்ணை நம்பி எழுதிய செய்நிரல் ஒன்றை லினக்ஸிலிருந்து மெக்குக்குக் கொண்டுபோனால், காத்திருக்க வேண்டிய இடத்தில் வேலையைக் கைவிடும். கைவிட வேண்டிய இடத்தில் முடிவில்லாமல் காத்திருக்கும்.

எங்கோ அமெரிக்கக் கதை என்று நினைக்காதீர்கள். அன்ட்ரொய்ட் லினக்ஸின் மேல் நிற்பது. ஐபோன் பேர்க்லியின் வழித்தோன்றல். வாப்பாவின் கையில் ஒன்றும் மகனின் கையில் மற்றொன்றும் உள்ள வீடுகள் நம்மிடையே எத்தனை. ஒரே சேவையகம் இரண்டு போனுக்கும் தொடர்பை மறுத்தால், ஒரு போன் உள்ளுக்குள் 111 என்கிறது, மற்றது 61 என்கிறது.

லினக்ஸாவது தனக்குள் ஒத்துப்போகிறதா என்றால், அதுவும் இல்லை. ஸ்பார்க், அல்பா, மிப்ஸ் போன்ற கணினி வகைகளுக்கு லினக்ஸைக் கொண்டுபோனவர்கள், அந்தந்தக் கணினியில் ஏற்கெனவே இருந்த யுனிக்ஸின் எண்களையே பெரும்பாலும் பின்பற்றினார்கள். பழைய செய்நிரல்கள் அப்படியே ஓட வேண்டும் என்பதற்காக. பெயர் லினக்ஸ்தான், எண் மட்டும் மாமியார் வீட்டுடையது.

விண்டோஸ் தனி வம்சம். 1983இல் வந்த எம்எஸ்-டொஸ் 2.0இல் 2 என்றால் கோப்பு இல்லை, 3 என்றால் பாதை இல்லை, 5 என்றால் அனுமதி இல்லை. அதே எண்கள் இன்றைய விண்டோஸ் வரை வருகின்றன. 2 மட்டும் யுனிக்ஸோடு ஒத்துப்போகிறது. அந்த ஒற்றுமைதான் நம் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. ஒன்று பொருந்தினால் மற்றதும் பொருந்தும் என்று நினைக்கிறார்கள். வன்தட்டு நிரம்பியதற்கு யுனிக்ஸில் 28, விண்டோஸில் 112. பிறகு 1990களின் தொடக்கத்தில் விண்டோஸுக்கு இணையத் தொடர்பு வசதியை வகுத்தவர்கள் பேர்க்லியின் எண்களை எடுத்து, மற்றவற்றோடு மோதாமல் இருக்க 10,000ஐக் கூட்டினார்கள். 61 இருந்த இடத்தில் 10061, 35 இருந்த இடத்தில் 10035. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் நமக்கு இது பிடித்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்பதை எண்ணே சொல்கிறது.

இவ்வளவு குழப்பத்தையும் யாரும் சீர்செய்யப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். 1988இல் பொசிக்ஸ் என்ற பொது நியமம் வந்தது. அதை வகுத்தவர்கள் ஒரு முக்கியமான முடிவெடுத்தார்கள்: பெயர்களை மட்டும் நியமமாக்குவோம், எண்களை அவரவரிடமே விட்டுவிடுவோம். ஈ-அகெய்ன் என்ற பெயர் எல்லா இடத்திலும் இருக்க வேண்டும், அதன் அர்த்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். அது 11ஆ 35ஆ என்பது உன் வீட்டு விசயம்.

ஏன் எண்ணையும் ஒன்றாக்கவில்லை? நாம் செய்நிரலில் பெயரைத்தான் எழுதுகிறோம். ஆனால் தொகுப்பான் அதை இயந்திரத்துக்கு மாற்றும்போது பெயர் மறைந்து எண் மட்டும் உள்ளே பதிந்துவிடுகிறது. விற்று முடிந்த ஆயிரக்கணக்கான செய்நிரல்களின் வயிற்றுக்குள் பழைய எண்கள் இருக்கின்றன. முறைமையில் எண்ணை மாற்றினால் அத்தனையும் ஒரே நாளில் பிழையாகப் பேசத் தொடங்கும். எந்தக் கம்பனி சம்மதிக்கும்? அடுத்த ஆண்டு வந்த சீ மொழியின் நியமம் இன்னும் அடக்கமானது. அது இரண்டே இரண்டு பெயர்களுக்குத்தான் உத்தரவாதம் தந்தது, இரண்டும் கணிதச் சார்புகள் தொடர்பானவை. அதை நாம் குறையாகச் சொல்லமாட்டோம். தெரியாத வீட்டுக்கு வாக்குக் கொடுக்காமல் இருப்பதும் நேர்மைதான்.

ஆகவே பாரம் செய்நிரல் நூலகங்களை எழுதுவோரின் தலையில் விழுந்தது. நூலகம் என்றால் புத்தகசாலை அல்ல. மற்றவர்கள் எடுத்துப் பாவிப்பதற்காக ஒருவர் எழுதி வைத்த செய்நிரல் தொகுதி. எல்லா முறைமையிலும் ஓடவேண்டிய நூலகம் என்றால் எல்லா வழு எண்களோடும் அது மல்லுக்கட்ட வேண்டும்.

அவர்கள் கண்ட முதல் வழி இலகுவானது: "இந்தப் பெயர் இந்த முறைமையில் உண்டா? உண்டென்றால் அதன் எண்ணைப் பாவி. இல்லையென்றால் நாமே ஓர் எண் கொடுப்போம்." விண்டோஸில் பேர்க்லியின் வலையமைப்புப் பெயர்கள் நீண்ட காலம் இருக்கவில்லை. ஆகவே பலர், "ஈ-வுட்புளொக் என்ற பெயர் இல்லையென்றால் அதை 10035 என்று வைத்துக்கொள்" என்று எழுதினார்கள். வருடக்கணக்காக நன்றாகவே ஓடியது. 2010இல் மைக்ரோசொஃப்ட் தனது விசுவல் ஸ்டூடியோவின் புதிய பதிப்பில், பொசிக்ஸோடு ஒத்துப்போகும் நல்ல நோக்கத்தில் அந்தப் பெயர்களையெல்லாம் சேர்த்தது. ஆனால் எண்கள் 100க்கு மேல் புதிதாகக் கொடுக்கப்பட்டவை. ஈ-வுட்புளொக் 140 ஆனது. வலையமைப்போ வழமைபோல் 10035 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. "பெயர் ஏற்கெனவே உண்டு" என்று நம்பிய நூலகங்கள் 140ஐ எதிர்பார்த்து நின்றன, 10035 வந்தபோது அது யாரென்று தெரியவில்லை. "கொஞ்சம் பொறு" என்ற செய்தியை "எல்லாம் கெட்டுவிட்டது" என்று எடுத்துக்கொண்டு தொடர்பைத் துண்டித்தன. செய்நிரலில் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். புதிய பதிப்பில் மறுபடி தொகுத்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது வழியைக் கண்டவர்களில் முக்கியமானவர் பீமன் டோஸ். பூஸ்ட் என்ற சீ-பிளஸ்-பிளஸ் நூலகத் தொகுதியின் நிறுவனர்களில் ஒருவர். கோப்புகளைக் கையாளும் நூலகம் எழுதும்போது இந்தத் தலைவலியை நேரே அனுபவித்தவர். பூஸ்டின் சிஸ்டம் நூலகம் சொல்வது இதுதான்: எண்ணைத் தனியே கையில் எடுக்காதே, எந்த வீட்டு எண் என்பதையும் சேர்த்து எடு. 5 என்பது அரைத் தகவல். "விண்டோஸின் 5" என்பதே முழுத் தகவல். நமக்கு இது புதிதல்ல. "மொஹமட்" என்று ஊரில் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால்தான் வாப்பாவின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறோம். இன்னொன்றையும் செய்தார்கள். முறைமை தந்த மூல எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, பொதுவான அர்த்தத்துக்கு வேறொரு வகையை உண்டாக்கினார்கள். "விண்டோஸின் 5ம் யுனிக்ஸின் 13ம் 'அனுமதி மறுப்பு' என்ற ஒரே கருத்தில் அடங்குமா?" என்று கேட்டால் நூலகம் "ஆம்" என்று சொல்லும். இந்த ஏற்பாடு 2011இல் சீ-பிளஸ்-பிளஸ் மொழியின் நியமத்துக்குள்ளேயே சேர்ந்தது. பொசிக்ஸ் வழி வந்த 70க்கும் மேற்பட்ட பொதுக் கருத்துகள் அதில் உண்டு.

நம் பிள்ளைகள் படிக்கும் பைத்தன் 2012 செப்டெம்பரில், 3.3 பதிப்பில், எண்ணையே மறைத்து வைத்தது. அன்ட்வான் பிட்ரூ எழுதிய முன்மொழிவின்படி, கோப்பு இல்லையென்றால் அதற்கென்றே பெயருள்ள ஒரு வழு, அனுமதி இல்லையென்றால் இன்னொன்று, தொடர்பு மறுக்கப்பட்டால் வேறொன்று. லினக்ஸில் 111, மெக்கில் 61, விண்டோஸில் 10061, மூன்றுக்கும் பைத்தனில் ஒரே பெயர். பிள்ளைகள் எண்ணைத் தூக்கிவிட்டு அந்தப் பெயரை எழுதினால், அதே செய்நிரல் மூன்று இடத்திலும் ஒழுங்காக நடந்துகொள்ளும்.

அப்படியானால் எண்ணே வேண்டாமா? அங்கேதான் கவனம் வேண்டும். மொழிபெயர்ப்பில் ஏதாவது தொலையும். விண்டோஸில் 32 என்றொரு எண் உண்டு: "இந்தக் கோப்பை வேறொரு செய்நிரல் பாவித்துக்கொண்டிருக்கிறது". யுனிக்ஸின் பழைய பட்டியலில் இதற்கு நேரான சொல் இல்லை. ஆகவே விண்டோஸின் சீ நூலகம் அதை 13க்குள், அதாவது "அனுமதி மறுப்பு"க்குள் தள்ளிவிடுகிறது. பைத்தனில் ஒரு கோப்பை அழிக்கப் போய் இது நடந்தால் பரவாயில்லை. வழுவின் பெயர் "அனுமதி" என்றிருந்தாலும், பக்கத்திலேயே விண்டோஸின் மூல எண் 32ஐயும் பைத்தன் காட்டும், காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கோப்பைத் திறந்து எழுதப் போகும்போது அந்தச் சீ நூலகத்தின் வழியாகப் போக வேண்டியிருப்பதால், 32 இடையிலேயே தொலைந்து 13 மட்டும் நம் கைக்கு வருகிறது.

கடைப் பட்டியலை எக்செல்லில் திறந்து வைத்துக்கொண்டு, அதே கோப்பில் பைத்தனால் எழுதப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது. "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்ததும் கோப்புறையின் உரிமைகளை மாற்றுகிறார்கள், நிர்வாகியாக உள்நுழைகிறார்கள், வைரஸ் தடுப்பை நிறுத்துகிறார்கள், சிலர் விண்டோஸையே மீண்டும் நிறுவுகிறார்கள். எக்செல்லை மூடினால் போதும்.